செங்காட்டுவலசுக் கினிக்கோழிகள்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் ஒன்பதாம் நாள், புதன்கிழமை, ஆடி இருபத்து நான்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்பட்ட காற்று, கொண்டுவந்த மழையையெல்லாம் மலைக்கு அப்பாலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு செங்காட்டுவலசுக்குள் நுழைந்து, கொடியில் காய்ந்த வேட்டிகளையும் தேநீர்க்கடைச் செய்தித்தாள்களையும் கிழக்கு நோக்கி அடித்துச் சென்றுகொண்டிருந்த காலை பதினொன்றே கால் மணிக்கு, பால் கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் கொழுப்பைச் சோதித்துக் குறிக்கும் மயிலாத்தாள், தன் ஐம்பத்தோராம் வயதில், பல ஆண்டுகளில் முதன்முறையாகக் கவலையின்றி மூச்சுவிட்டாள். அவள் படுத்திருந்த கட்டிலுக்கடியில் ஒரு கினிக்கோழி நின்றுகொண்டிருந்தது.

"இன்னாம்மா, லேசா கீதா?" என்று கேட்டார் ஊசி மருத்துவர் லியூ மேய்லான்.

"லேசா இருக்குதுங்க. கட்டலுக்கடியில என்னமோ பொறாண்டற மாதிரி இருக்குதுங்களே."

மருத்துவர் குனிந்து பார்த்தார். சாம்பல் நிற உடலெங்கும் வெண்புள்ளிகள், மயிரற்ற சிறிய தலை, எந்நேரமும் எதையோ எதிர்பார்த்து நிற்கும் கழுத்து. அக்கோழி முதலில் சாளரத்தின் கொண்டியைப் பார்த்தது. பிறகு மின்விசிறியின் திருகாணியைப் பார்த்தது. அதன்பின் ஒருவரும் கேளாமலே கெக்கரிக்கத் தொடங்கிற்று.

"உன்னுதுதாம்மா. இஸ்துகினு போ. இங்கெல்லாம் வுட்டுட்டுப் போவக்கூடாது, ஆமா."

லியூ மேய்லான் சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் சீனத்திலிருந்து பற்பிடுங்கும் குறடோடு கப்பலேறி வந்தவர். தந்தையும் தமையன்மாரும் அக்குறடையே பிடித்தார்கள். இவர் ஒருவர்தாம், பிறர் வாயைத் திறந்து பார்ப்பதைவிட நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மேலென்று அக்குபங்சர் என்னும் ஊசி மருத்துவம் கற்று, செங்காட்டுவலசின் பழைய நெற்கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பார். அதிமதுரமும் கோதுமையும் சீனத்து இலந்தைப் பழமும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம் கொடுப்பார். "இது நம்மூரு அதிமதுரந்தானுங்களே" என்று கேட்பவர்களிடம், "அதுக்கு எந்த ஊருன்னு அதுங்கிட்டயே கேளு, நீ குடி" என்பார். மனம் படபடப்பவர்களுக்கு இரு புருவங்களுக்கு நடுவே ஓர் ஊசி குத்துவார். அங்கேதான் ஊர்ப் பெண்களுக்குச் சங்கடம் இருந்தது. அது பொட்டு வைக்கும் இடம், கணவன் உயிரோடிருக்கையில் பொட்டை எடுப்பதாவது என்று தயங்கினார்கள். மருத்துவர் அவ்வழக்கை மதித்து, ஒட்டுப்பொட்டை எடுக்காமல் ஒரு விரற்கடை மேலே நகர்த்தி ஒட்டிவிட்டுக் குத்தத் தொடங்கினார். அன்றுமுதல், நெற்றியில் சற்று உயரத்தில் பொட்டு வைத்த பெண்ணைக் கண்டால், ஊசிக்குப் போய்வருகிறாள் என்று ஊர் அறிந்துகொண்டது.

மயிலாத்தாள் தெருவில் நடந்தாள். மூன்றடி பின்னால் கினிக்கோழி நடந்தது. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று, கதவு சாத்தியிருக்கிறதா, நாய் கட்டியிருக்கிறதா, மின்கம்பி தாழ்ந்திருக்கிறதா என்று நோக்கி, இரண்டு முறை கெக்கரித்துவிட்டு மேலே நடந்தது. பக்கத்து வீட்டுக் கருணாம்பிகை முற்றம் கூட்டுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க மயிலாக்கா, கோழி வாங்கியாச்சுங்களா?"

"வாங்குலீங்க கருணா. என்றதேதான்."

"உங்களுதா? எப்போ வளத்தீங்க?"

"பத்தொம்பது வருசமா வளத்திருக்கறன். இன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு."

கருணாம்பிகை கோழியை மேலும் கீழும் பார்த்து, "அதுதான் இத்தனை கொழுத்துக் கெடக்குது" என்றாள். துடைப்பத்தை அங்கேயே சாத்திவிட்டு, ஊசிக்கு எத்தனை மணிவரை ஆள் பார்ப்பார்கள் என்று கேட்டாள்.

அவ்வளவுதான் ஊர் வியந்தது. அடுத்த பதின்மூன்று நாள்களுக்குள் செங்காட்டுவலசில் நூற்று நாற்பது கினிக்கோழிகள் நடமாடின. மகள் திருமணம் தள்ளிப்போனவருக்கு நெடுங்கழுத்துக் கோழி. ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றியவருக்கு வறண்ட அலகுக் கோழி. தேர்வெழுதிக் காத்திருந்த பெண்ணுக்கு நின்ற இடத்திலேயே குதிக்கும் கோழி. இன்னதென்று தெரியாமலே நெஞ்சு படபடத்தவர்களுக்கு வட்டமடித்துக்கொண்டே இருக்கும் கோழி. கோழிகள் ஒன்றோடொன்று கலந்து உரிமைச் சண்டை மூண்டபோது, காலில் ஆளுக்கொரு வண்ண நூல் கட்டுவதென்று ஊர் கூடி முடிவெடுத்தது. கால்நடை ஆய்வாளர் வந்து எண்ணிப் படிவத்தில் எழுதினார்; 'வளர்ப்பின் நோக்கம்' என்னும் கட்டத்தில் 'முட்டை' என்றும் 'இறைச்சி' என்றும் எழுத மனமின்றி, நெடுநேரம் யோசித்து, 'மனநிம்மதி' என்று குறித்தார். களவு நின்றது, பாம்பு வரவில்லை, உறங்கப் போன மக்கள் உறங்கினார்கள். கத்துவது மட்டும் நிற்கவில்லை.

நாளடைவில் கோழியின் பருமனே ஆளின் மதிப்பு என்றாயிற்று. பெரிய கோழிக்காரர் பெரும்பாரம் சுமந்தவர், பொறுப்புள்ளவர் என்று பேசினார்கள். சிறிய கோழிக்காரரைப் பார்த்து, "உங்களுக்கென்னுங்க, காடைக்குஞ்சாட்டம் வெச்சிருக்கறீங்க" என்று இழுத்தார்கள். இவ்விடத்தில்தான் அரிசி ஆலை உரிமையாளரும் கோயில் கமிட்டித் தலைவருமாகிய அவிநாசியப்பனுக்கு இக்கட்டு நேர்ந்தது. ஊர்ப் பாரத்தையெல்லாம் தாமே சுமப்பதாக முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர் அவர். அவருக்கு ஊசி குத்தி எடுத்தபோது, எலுமிச்சம்பழ அளவில் ஒரு குஞ்சு மட்டும் வந்தது. தமக்குக் கவலையே இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்பதே அக்குஞ்சு. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, மறுநாள் சந்தையிலிருந்து ஒரு வான்கோழியைக் கொணர்ந்து காலில் சிவப்பு நூல் கட்டித் தெருவில் நடத்தினார். ஊர் ஒதுங்கி வழிவிட்டது.

மயிலாத்தாள் இவற்றையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே புதிதாயிருந்தது. ஆனால் சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால், கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவர் பொங்கியண்ணன் இருந்தார்.

பொங்கியண்ணன் மினிபஸ் ஓட்டுநர். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, கடைசி நடை முடித்து வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வந்து அந்த நாற்காலியில் அமர்ந்தார், அமர்ந்தவர் அமர்ந்தவர்தாம். இழப்பில்லை, சண்டையில்லை, விபத்தில்லை. காரணம் கேட்டு வந்தவர்களெல்லாம் காரணம் கிடைக்காமல் சலித்துத் திரும்பினார்கள். மாவட்ட மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். அதனால் குளிக்கவும் படுக்கவும் மட்டும் எழுந்தார். இரண்டு கவளம் உண்டார். மீண்டும் நாற்காலிக்கே திரும்பினார். தன் நெஞ்சு லேசானவுடன் மயிலாத்தாள் செய்ய விரும்பியது ஒன்றுதான்: அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். ஆகஸ்டு இருபத்திரண்டாம் நாள் கருணாம்பிகையின் மகனுடைய ஆட்டோவில் அவரை ஏற்றி, நெற்கிடங்குக்குக் கொண்டுபோனாள்.

லியூ மேய்லான் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஒன்பது ஊசி குத்தினார். மாசிபத்திரி இலையை உலர்த்திச் சுருட்டிக் கொளுத்தி, அதன் வெம்மையை அவருடைய அடிவயிற்றின்மேல் காட்டினார். கோயில் மாலையின் வாசம் அறையெங்கும் பரவிற்று. ஊசிகளை எடுத்தபின் கட்டிலுக்கடியில் கோழி இல்லை. ஒரு முட்டை இருந்தது. ஈய நிறம், படிக்கல்லின் கனம், தொட்ட விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி.

"இது கவல இல்லம்மா" என்றார் மருத்துவர். "கவல கத்தும். இது கத்தாது. அதான் இத்தினி நாளா யாருக்கும் காதுல வுழல. இருவத்தெட்டு நாளு சூடு குடுக்கணும்."

"குடுத்தா எந்திரிச்சுருவாருங்களா?"

"குஞ்சு வந்துச்சுன்னா எழுந்துப்பாரு."

"வருலீன்னா?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திடாத, அது ஒரு பக்கம் நடக்கட்டும்."

மயிலாத்தாள் தவிட்டுக் கூடையில் முட்டையை வைத்து மேலே நாற்பது வாட் விளக்கு எரித்தாள். விளக்கு குளிர்ந்தது, முட்டை சூடேறவில்லை. அடைக்கோழி ஒன்றைக் கடன் வாங்கி வைத்தாள். அது உட்கார்ந்த கணமே இறகு சிலிர்த்து எழுந்து ஓடிற்று. அப்போது, கொல்லைக் கதவின் கொண்டியை அன்றைக்கு நாற்பதாம் முறையாகச் சோதித்துக்கொண்டிருந்த அவளுடைய கினிக்கோழி திரும்பிப் பார்த்தது, கூடையருகே வந்தது, முட்டையை ஒருமுறை அலகால் உருட்டி, தன் சிறகுக்கடியில் இழுத்துக்கொண்டு அமர்ந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அது கத்துவதை நிறுத்திற்று. பதினைந்தாம் நாள் முட்டை வெதுவெதுத்தது. பதினேழாம் நாள், நாற்காலியில் இருந்த பொங்கியண்ணன் கொட்டாவி விட்டார். அதற்கே மயிலாத்தாள் கருணாம்பிகையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இதற்கிடையில், கால்நடை ஆய்வாளர் இரண்டாம் கணக்கெடுப்புக்கு வருவதாகவும், ஒவ்வொரு கோழியையும் அதன் உடையவருக்கு அருகே நிறுத்திச் சரிபார்ப்பதாகவும் செய்தி வந்தது. வான்கோழியைக் கால்நடை ஆய்வாளர் வான்கோழி என்றே சொல்லிவிடுவார். அவிநாசியப்பன் கமிட்டியைக் கூட்டினார்.

"எத்தனை நாளைக்குத்தானுங்க இந்தச் சத்தத்தோட குடும்பம் நடத்தறது? கவலை வெளிய வந்தாச்சு. வந்ததை வெச்சுக் கும்பிடவா முடியும்? கோழி கோழிதானுங்க. இன்னும் ஒரு வாரத்துல புரட்டாசி பொறந்துரும். பொறந்துட்டா ஒரு மாசத்துக்குக் கவிச்சி இல்லை. ஞாயித்துக்கெழமையே விருந்தைப் போட்டு முடிச்சுப்போடலாம்."

புரட்டாசி என்ற சொல் கேட்டவுடன் ஊருக்கு வேறு யோசனையே ஓடவில்லை. ஒரு மாதம் இறைச்சியின்றி இருக்கப்போகிறவர்களுக்கு முன்னால் நூற்று நாற்பது கோழிகள் நடமாடினால், என்ன நடக்குமோ அதுவே நடந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செப்டம்பர் பத்தாம் நாள் காலை, சாக்கோடு இருவரை அழைத்துக்கொண்டு அவிநாசியப்பன் மயிலாத்தாளின் கொல்லைக்கு வந்தார்.

"என்ற கோழி அடை உக்காந்திருக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள். "இன்னும் ஒம்பது நாள் இருக்குது. தர முடியாதுங்க."

"ஊரே குடுத்துருச்சு. ஒண்ணு மட்டும் ஊருக்குள்ள கத்தீட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

"இது பத்தொம்பது நாளாக் கத்தவே இல்லீங்களே. உங்களுது பாட்டுக்கு வேற மாதிரி கத்துதுன்னு ஊரே பேசிக்குது."

சாக்குப் பிடித்தவர்களில் ஒருவன் இருமினான். அவிநாசியப்பன் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"நாளைக்கே பால் சங்கத்துல ஒரு வார்த்தை பேசுனன்னா உங்க வேலை என்னாகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா, மயிலாத்தா?"

"யோசிக்கறதெல்லாம் அதுதானுங்க. நான் இல்லை" என்று அவள் கூடையைக் காட்டினாள்.

அது உண்மை. அவள் அஞ்சவில்லை, அஞ்சுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் கூடையிலிருந்த கோழி அச்சொற்களைக் கேட்டது. வேலை போகுமாம் என்று கேட்டது, போனால் மாத்திரைக்கு என்ன செய்வது, மனிதரை யார் பார்த்துக்கொள்வது என்று எண்ணிற்று, கழுத்தை நீட்டிற்று, பத்தொன்பது நாள் அடக்கிவைத்த கூச்சலையெல்லாம் ஒரே மூச்சில் எழுப்பிக்கொண்டு, முட்டையை விட்டெழுந்து, வேலியைத் தாண்டித் தெருவில் பாய்ந்தது. சாக்குக்காரர்கள் பின்னால் ஓடினார்கள். மயிலாத்தாளும் ஓடினாள். கோயில் மைதானத்தை அவள் அடைந்தபோது, வெந்நீர் அண்டாக்களைச் சுற்றி இறகு மலைபோல் குவிந்திருந்தது. நூல்களெல்லாம் அறுக்கப்பட்டு ஒரு முறத்தில் கிடந்தன. உரித்த கோழி எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

"எது எவருதுன்னு பாத்து வெச்சீங்களா?" என்று மயிலாத்தாள் சமையற்காரரைக் கேட்டாள்.

"வீட்டுக்கொரு கோழி, கணக்குச் சரியா இருக்குதுங்க. இதுல எவருதா இருந்தா என்னுங்க?" என்றார் அவர்.

ஊர் இழைத்த பிழை இதுவொன்றே.

பிற்பகல் மூன்று மணிவரை தேடி அலுத்த மயிலாத்தாள், வீட்டுக்கு வந்து, கொல்லையில் துவைக்கும் கல்லின்மேல் அமர்ந்து, மீண்டும் குளிரத் தொடங்கிவிட்ட முட்டையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கவலைப்பட முயன்றாள், வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. உங்கள் வீட்டுப் பங்கு என்று தூக்குப்போசியில் குழம்பைக் கொண்டுவந்த கருணாம்பிகை, அவளைத் தொந்தரவு செய்ய மனமின்றி, தானே சோறு பிசைந்து பொங்கியண்ணனுக்கு ஊட்டினாள்.

"ரெண்டு வாய் வாங்கீட்டாருங்கக்கா. மூணாவது வேண்டாங்கறாரு" என்று சொல்லிவிட்டு, தன் பங்கை உண்ணத் தன் வீட்டுக்குப் போனாள்.

சற்றுநேரம் சென்றது. கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பதினான்கு மாதங்களாகப் புழங்காததால் துருப்பிடித்த குரல்.

"மயிலா, கொல்லைக் கதவு கொண்டி போட்டியா?"

"போட்டுட்டனுங்க" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, பிறகுதான் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"கேஸ்?"

"அணைச்சுட்டனுங்க."

"அணைச்சனுங்கற, ரெண்டாந்தடவை போய்ப் பாத்தியா?"

காலடியோசை கேட்டது. அடுக்களைக்குள் எதையோ திருகிப் பார்க்கும் ஓசை கேட்டது. பொங்கியண்ணன் கொல்லை வாசலில் வந்து நின்றார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அவள் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்த ஒரு பார்வை இருந்தது. நூற்று நாற்பது வீடுகளில், தன் கோழி தனக்கே திரும்பி வந்த வீடு அவளுடையது ஒன்றுதான். அதைக் குழம்பில் உண்டவர் மட்டும் வேறு.

"அந்த மனுசன் சாப்பிட்டாரா?" என்றார் அவர்.

"எந்த மனுசனுங்க?"

"உனக்கென்ன, சொகமா உக்காந்துட்ட. பதினாலு மாசமா அந்த நாற்காலியில ஒரு மனுசன் குத்தவெச்சுட்டிருக்கறாரு. ரெண்டு வாய்ச் சோத்துல எப்படி உசுரு நிக்கும்? எனக்கு நெஞ்செல்லாம் அடிச்சுக்குது. போய்ப் பாக்கறன்."

சுவரைத் தொட்டுத் தொட்டுக் கூடத்துக்குள் போனார். மயிலாத்தாள் மடியில் முட்டையோடு பின்னால் போனாள். அவர் நாற்காலியின் முன் நின்றார், அதன் முதுகைத் தொட்டார், பின்புறம் எட்டிப் பார்த்தார், வாசற்பக்கம் பார்த்தார்.

"இங்கே இல்லையே, மயிலா. எந்திரிச்சு எங்கியோ போயிட்டாரு."

"ஆமாங்க" என்றாள் மயிலாத்தாள். "எந்திரிச்சுட்டாரு."

"தனியாவா போனாரு? விழுந்து கிழுந்து வெச்சார்னா?"

"விழமாட்டாருங்க. நான் பாத்துக்கறன். நீங்க இதைக் கொஞ்சம் புடிங்க, எனக்குக் கை மரத்துப்போச்சு."

அவர் முட்டையை வாங்கினார். அதன் குளிர்ச்சியில் திடுக்கிட்டார். இவ்வளவு குளிரில் இதை யார் போட்டு வைத்தது, குஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டே, அதைத் தம் வேட்டி மடிப்புக்குள், மாசிபத்திரியின் வெம்மை பட்ட அதே அடிவயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். நாற்காலியில் அமரவில்லை. அமர்ந்தால் நசுங்கிவிடுமோ என்று பயந்து, ஒன்பது நாளும் நடந்துகொண்டே இருந்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை வருமாறு. பிறர் கோழியை உண்ட ஊர் முழுவதும் திங்கட்கிழமை காலையில் பிறர் கவலையோடு விழித்தெழுந்தது. அவிநாசியப்பனுக்கு, தென்தெருச் சாக்கடையோரம் இட்லி சுட்டு விற்கும் வெள்ளையம்மாளின் கவலை வாய்த்தது. மழை வந்தால் அடுப்புக்குள் நீர் புகுமே என்று இரண்டு நாள் துடித்தவர், பதினொரு நாளில் அங்கே சிறுபாலம் ஒன்றைக் கட்டுவித்தார். கருணாம்பிகை முன்பின் பேசியிராத ஒரு பெண்ணின் தேர்வு முடிவுக்காகத் தலைமையாசிரியரை மும்முறை போய்ப் பார்த்தாள். தம் கவலையை ஆண்டுக்கணக்கில் சுமந்து ஒன்றும் செய்யாதிருந்தவர்கள், பிறர் கவலையை ஒரு வாரம்கூடப் பொறுக்க மாட்டாமல் எழுந்து எதையாவது செய்துமுடித்தார்கள். வான்கோழி கிடைத்த வீட்டாருக்கு மட்டும் வயிற்றுப் பொருமலைத் தவிர வேறொன்றும் நேரவில்லை. அதிலிருந்து, அதை நடத்தியவருக்குக் கவலையே இருந்ததில்லை என்பது ஊருக்குப் புரிந்தது. அவிநாசியப்பனின் சட்டைப்பைக் குஞ்சு, மறைப்பதற்கு ஒன்றுமில்லாமற் போகவே, தானாகக் காணாமற்போயிற்று. நடந்ததைக் கேள்வியுற்ற லியூ மேய்லான், "வளக்கத்தானே குடுத்தேன். சாப்டாதீங்கன்னு போர்டு வேற வெக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நோயாளியின் நாக்கைப் பார்த்தார். அவர் இன்னும் நான்காண்டுகள் அவ்வூரிலேயே மருத்துவம் செய்தார்.

செப்டம்பர் பத்தொன்பதாம் நாள் முட்டை பொரிந்தது. கத்தாத குஞ்சு, வளர்ந்தும் கத்தவில்லை. பொங்கியண்ணன் அடுத்த தை மாதம் மினிபஸ்ஸுக்குத் திரும்பினார். மாத்திரையை மாவட்ட மருத்துவமனையில் சொன்ன காலம்வரை உண்டார். ஆண்டில் சில வாரங்கள் அவர் பேச்சுக் குறையும். அவ்வாரங்களில் அக்கோழி அவர் காலருகே வந்து அமர்ந்திருக்கும், பின் எழுந்து போகும். 2019ஆம் ஆண்டு மயிலாத்தாள் தனியாக இராமேசுவரம் போய் ஏழு நாள் தங்கி வந்தாள். அந்த ஏழு நாளில் பொங்கியண்ணன் அவளைத் தொலைபேசியில் நூற்றுப் பதினாறு முறை அழைத்தார். அவள் நான்கு முறை எடுத்தாள்.